இடது இறக்கையில் சுண்ணாம்பு

ஆயுத பூஜை அன்று அந்தக் கொட்டகையில் ஐந்து பேர் இருந்தோம். என் நண்பன், அவன் மனைவி, அவன் அம்மா, அவன் மனைவியின் தம்பி, நான். நண்பனின் அப்பா இல்லை. அவர் டிப்பர் லாரிகளுக்குப் பூஜை போட அரியலூர் போயிருந்தார். "பறக்காத வண்டிக்கெல்லாம் எலுமிச்சம்பழத்த வேஸ்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாராம். என் அப்பாவும் இல்லை. அவர் அங்கே இருப்பதற்குக் காரணம் எதுவும் கிடையாது. அந்த வீட்டுக்குள் அவர் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் வெள்ளையடிக்க. ஆனால் அன்று அவர் இருந்திருந்தால் இதை எழுதும் வேலை எனக்கு வந்திருக்காது.

எங்கள் ஐந்து பேருக்கும் நடுவில், இரண்டு மரத் தாங்கிகளின் மேல், ஒரு விமானத்தின் இடது இறக்கை கிடந்தது.

பொம்மை விமானம் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு பேர் உட்கார்ந்து போகிற நிஜ விமானம். வெளிநாட்டில் இதைப் பாகம் பாகமாக வெட்டி, துளை போட்டு, மரப்பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள். வாங்குகிறவர் தன் வீட்டிலேயே வைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். அப்படி நான்கு பெட்டிகள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, நண்பனின் அப்பாவுடைய லாரியிலேயே பெரம்பலூருக்கு வந்தன. அரியலூர் ரோட்டில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் டிப்பர்களுக்குப் பஞ்சர் ஒட்டுகிற தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. டயர்களை வெளியே தள்ளிவிட்டு விமானத்தை உள்ளே வைத்தார்கள். தெருவில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இத எந்த ரோட்டுல தம்பி ஓட்டுவீங்க?" நண்பன் சிரிப்பான். அனுமதிக்கு எழுதிப் போட்டிருப்பதாகச் சொல்வான். எனக்குச் சிரிப்பு வராது.

ஏன் வராது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதல் பட்டதாரி சான்றிதழுக்காகத் தாசில்தார் ஆபீசுக்கு ஏழு முறை நடந்திருக்கிறேன். பன்னிரண்டாவதில் என் மதிப்பெண்ணுக்குச் சென்னையில் ஏரோநாட்டிகல் கிடைத்தது. விடுதிச் செலவுக்கு வழியில்லை. பஸ் பாஸில் போய் வரலாம் என்பதற்காகப் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் எடுத்தேன். செந்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து விடிகாலையில் கிளம்பினால்தான் முதல் வகுப்பைப் பிடிக்க முடியும். நண்பன் அதே வகுப்பில் கடைசி பெஞ்ச். மூன்றாம் வருடம் வரை நான்கு அரியர் வைத்திருந்தான். அவற்றை அவன் எழுதித் தேறியது என் நோட்டுகளை வைத்து. காற்று ஏன் ஒரு தகட்டைத் தூக்குகிறது என்பதை, கேன்டீன் மேசையில் ஒரு போஸ்ட் கார்டை வளைத்து ஊதிக்காட்டி, அவனுக்கு முதலில் சொன்னவன் நான்தான். கார்டு எழும்பியது. அவன் கண் விரிந்தது. அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆறு வருடம் கழித்து அவன் போன் செய்தான். "மாப்ள, ஒரு ப்ளேன் வாங்கிட்டேன்டா. நீ சொன்னேல்ல, அது. வந்து பாரு."

நீ சொன்னேல்ல. ஆசை என்னுடையது. வாங்கியது அவன். 

ஆனால் போனேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனேன். பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போனேன். அப்போது நான் அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையில் காண்டிராக்டர் கீழே, மூட்டை பிடிக்கிற இடத்தில் இயந்திரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். இப்போதும் அதே வேலைதான். வாரம் ஆறு நாள் சாம்பல் நிறத் தூசியில் நின்றுவிட்டு, ஏழாம் நாள் பஸ் ஏறிப் போய், பளபளவென்று நீலப் பிளாஸ்டிக் உரித்த அலுமினியத் தகட்டைத் தொட்டால் கை கூசும். அது என்னுடையது இல்லை என்பதும் கூடவே உறைக்கும்.

தகடுகளை ரிவெட் அடித்துத்தான் இணைக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே நின்று காற்றுத் துப்பாக்கியால் ரிவெட்டின் தலையில் அடிப்பார். இன்னொருவர் இறக்கைக்குள் கையை விட்டு, மறுபக்கம் ஒரு இரும்புக் கட்டையை ஒட்டிப் பிடித்துத் தாங்குவார். அடி விழ விழ ரிவெட்டின் வால் கட்டையில் மோதி நசுங்கிப் பூப்போல விரியும். அடிக்கிறவனைவிடத் தாங்குகிறவனுக்குத்தான் வித்தை வேண்டும். கட்டை ஒரு நூல் சாய்ந்தாலும் வால் கோணும். வேகம் கூடினால் தகடு பள்ளமாகும். நான் தாங்கினேன். உள்ளே ஒன்றும் தெரியாது. உள்ளங்கையில் வரும் அதிர்வைக் கொண்டு, இது சரி, இது தப்பு என்று சொல்வேன். மொத்த வாலும் வலது இறக்கையும் இப்படித்தான் முடிந்தன. "விடவா?" என்பான். "விடு" என்பேன். இதைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சே இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு. அவைதான் எனக்குப் பிடித்தவை.

பிடிக்காதது அந்த நோட்டு. கட்டுகிறவரே விமானத்தில் பாதிக்கு மேல் தன் கையால் செய்திருக்க வேண்டும், அப்போதுதான் அனுமதி கிடைக்கும் என்று நண்பன் சொன்னான். அதற்கு அத்தாட்சியாக, ஒவ்வொரு வேலையையும் போட்டோ பிடித்து ஒரு நோட்டில் ஒட்டி, தேதி போட்டு எழுதி வைத்தான். போட்டோ எடுக்கும்போதெல்லாம் ஒரே பாட்டு.

"டேய், கைய எடுறா. போட்டோல விழுது."

எடுப்பேன். நான் கட்டையை வைத்துவிட்டு விலகுவேன். அவன் அதே கட்டையை அதே இடத்தில் பிடித்தபடி கேமராவைப் பார்ப்பான். வீட்டில் யாராவது எடுப்பார்கள். நூற்றுக்கணக்கான படங்கள். ஒன்றில்கூட நான் இல்லை. ஒரே ஒரு படத்தில் மட்டும், வால் பகுதியின் பளபளப்பில், மங்கலாக ஒரு உருவம் தெரியும். அது நான் என்று நான் சொன்னால்தான் தெரியும்.

"விதி அப்படிடா மாப்ள. தப்பா எடுத்துக்காத."

"அதெல்லாம் ஒன்னும் இல்லடா" என்றேன்.

போன வருடம் அவனுக்குக் கல்யாணமான கையோடு, மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். பெங்களூரில் வேலை, வீட்டிலிருந்தே செய்யலாமாம். மாதக்கணக்கில் அக்கா வீட்டில் தங்கினான். நல்ல பையன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அவனைக் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது. கொட்டகைக்குள் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வருவான். எதைப் பார்த்தாலும் "செம்ம பிரோ" என்பான்.

இத்தனை நாள் நண்பன் கொட்டகையில் "மாப்ள" என்று கூப்பிட்டால் அது என்னை. மனைவியின் தம்பியையும் எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அந்த நிஜ மாப்பிள்ளை வந்த பிறகு, கூப்பிட்டவுடன் இரண்டு பேரும் திரும்பினோம். இரண்டு ஞாயிறு அப்படி நடந்தது. மூன்றாவது ஞாயிறு முதல் நான் "டேய்" ஆனேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் போய் இறங்கினேன். இடது இறக்கையின் வேலை ஆரம்பித்திருந்தது. இரும்புக் கட்டை அந்தப் பையன் கையில் இருந்தது.

"இவன் கத்துக்கட்டும்டா" என்றான் நண்பன். "நீ கொஞ்சம் போன புடி. வீடியோ எடு."

போனைப் பிடித்தேன். என் கண் முன்னால் அந்தப் பையன் ரிவெட்டுகளைக் கோணலாக நசுக்கினான். சத்தத்திலேயே தெரிந்தது. நான்கைத் துளையிட்டு எடுத்துவிட்டு மறுபடி அடித்தார்கள். சிரித்தார்கள். நான் ரிவெட் வீணாக்கியபோது நண்பன் இப்படிச் சிரித்ததில்லை. மாலையில் அந்த வீடியோ அவன் ஸ்டேட்டஸில் வந்தது. 'மச்சானும் நானும்' என்று மேலே எழுதியிருந்தான். எடுத்தது நான். பதினோரு முறை பார்த்தேன்.

வேலை சிக்கலாகும் இடங்களில் மட்டும் என்னைக் கூப்பிட்டார்கள். இறக்கையின் முதுகெலும்பு மாதிரி, வேரிலிருந்து நுனி வரை ஒரு நீளச் சட்டம் போகும். இறக்கையின் பாரம் முழுக்க அதன் மேல்தான். பல பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து ரிவெட் அடித்த சட்டம் அது. விலா எலும்பு மாதிரியான சிறு சட்டங்களை அதோடு சேர்க்கும் இடத்தில் அந்தப் பையனின் மணிக்கட்டு நுழையவில்லை. என்னுடையது நுழைந்தது. அத்தனையையும் நான்தான் தாங்கினேன். முடித்ததும் கட்டையை அவனிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றேன்.

இப்படி இருந்தபோதுதான் ஆயுத பூஜை வந்தது.

நண்பனின் அம்மா சாமி விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்காதவர். துப்பாக்கி, துளைக் கருவி, கம்ப்ரஸர், ஸ்பேனர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மேல்தகடு போடாத இறக்கைக்கு விபூதிப் பட்டை. பொரி, கடலை, சுண்டல். எனக்கும் ஒரு தட்டு வந்தது. பிறகு பூசணிக்காய். அதில் துளை போட்டு, உள்ளே கொட்டுவதற்காக மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஒரு குண்டான் நிறையச் சிவப்புக் குழம்பாகக் கரைத்து வைத்திருந்தார்.

"ஊரு கண்ணு பூரா இது மேலதான் இருக்குது" என்றார். "நேத்து ரேஷன் கடையில ஒருத்தி கேக்குறா, உங்கூட்டு ப்ளேனு எத்தன லட்சம்னு. கண்ணு படாம என்ன செய்யும்?"

"அம்மா, அப்ப நல்லா கெட்டியா சுத்திப் போடும்மா" என்றான் நண்பன்.

சுற்றினார். பூசணிக்காயை வாசலில் உடைத்தான். குண்டானில் பாதிக்கு மேல் குழம்பு மிச்சமிருந்தது. அதைத் தெருமுனையில் கொட்டுவதுதான் வழக்கம். அம்மாவுக்கு மனசு வரவில்லை. மூன்று விரலால் தொட்டு, இறக்கைச் சட்டத்தின் வேரில் ஒரு பட்டை போட்டார். பிறகு ஒவ்வொரு விலாவிலும் ஒரு பொட்டு. அந்தப் பையன் உற்சாகமாகிவிட்டான். "அத்த, நான் வெக்கிறேன், குடுங்க" என்று குண்டானை வாங்கி, சட்டத்தின் நெடுக, ரிவெட் தலைகளுக்கு மேல், வரிசையாகத் தடவிக்கொண்டே போனான். குழம்பு பட்டைகளுக்கு நடுவில் இருந்த இடுக்குகளில் இறங்குவதைப் பார்த்தேன்.

என் அப்பா வெள்ளையடிக்கிறவர். சின்ன வயதில் ஒரு நாள் அவருக்கு உதவுவதாக நினைத்து, அம்மாவின் அலுமினிய அண்டாவில் சுண்ணாம்பைக் கரைத்து வைத்தேன். அது கொதிக்கிற மாதிரி நுரைத்தது. மறுநாள் அண்டாவின் அடி கறுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஊசிக்கண் மாதிரி ஓட்டைகள். அப்பா என்னை அடித்த அடிகளில் அதுதான் பெரியது. சுண்ணாம்பு அலுமினியத்தைத் தின்னும். எங்கள் தெருவில் இது குழந்தைக்கும் தெரியும். நண்பன் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர்கள் டிப்பர் டிப்பராகச் சுண்ணாம்புக்கல் ஏற்றினார்கள். கையால் கரைத்தது இல்லை.

வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அப்போது நண்பன் என்னிடம் திரும்பி, "டேய், மாப்ள வெக்கிறத ஒரு வீடியோ எடேன்" என்றான்.

எடுத்தேன்.

"யாரும் தொடச்சிறாதீங்க" என்றார் அம்மா. "தானா காஞ்சி உதிரணும். இன்னிக்கு ஆயுதத்தத் தொடவே கூடாது."

"சரிம்மா" என்றவர்களில் நானும் ஒருவன்.

மறுநாள் விஜயதசமி, வெள்ளிக்கிழமை. வாரத்தில் இரண்டே நாள் திறக்கிற சிறுவாச்சூர் கோயிலுக்கு நடை திறக்கிற நாள். குடும்பத்தோடு அங்கே போய்விட்டு, அப்படியே மருமகளின் ஊருக்குப் போய்த் திங்கள் மாலைதான் திரும்புவார்கள். எனக்குத் தெரியும். நான் ஆலையில் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போனில் எழுதினேன்: 'டேய், அந்தச் சுண்ணாம்பைத் துடைச்சிடு.' அழித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன். பூஜைக்குப் பெய்யும் மழை தூறலாக ஆரம்பித்திருந்தது.

சனிக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். கொட்டகைக்கு ஒரு சாவி என்னிடம் இருந்தது. அவனாகக் கொடுத்தது, பழைய நாட்களில். திறந்தேன். தகரத்தின் ஓட்டை வழியாகச் சாரல் விழுந்து இறக்கை ஈரமாக இருந்தது. சிவப்பு வெளுத்து, ஓரங்களில் கறுப்பு கட்டியிருந்தது. ஒரு பொட்டை நகத்தால் சுரண்டினேன். அடியில் தகடு பொரிந்திருந்தது, ஆனால் ஆழமில்லை. ஒரு வாளித் தண்ணீரும் பழந்துணியும் பக்கத்திலேயே இருந்தன. ஒரு மணி நேர வேலை. எல்லாம் பிழைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பெரும்பகுதி பிழைத்திருக்கும்.

துணியை எடுத்தேன். அப்போது சுவரில் ஒட்டியிருந்த காகிதம் கண்ணில் பட்டது. விமானம் முடிந்ததும் முதலில் யார் யார் ஏறுவது என்று விளையாட்டாக எழுதிய பட்டியல். அது நான் இல்லாத நாளில் எழுதியது. ஓட்டுவது நண்பன். அடுத்த இருக்கைக்கு முதலில் மச்சான். பிறகு மனைவி. பிறகு அம்மா என்று எழுதி, 'பயந்தால் வேண்டாம்' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு. ஐந்தாவதாக அப்பா. அதற்குக் கீழே இடம் இருந்தது. ஒன்றும் எழுதவில்லை.

துணியை இருந்த இடத்திலேயே வைத்தேன். கதவைப் பூட்டினேன். கல்லூரி நாட்களில் இருந்தே அந்த வீட்டின் சாப்பாடு எவ்வளவோ சாப்பிட்டிருக்கிறேன். அதெல்லாம் ஞாபகம் வராமல் இல்லை. ஞாபகம் வந்துகொண்டேதான் பூட்டினேன்.

திங்கட்கிழமை மாலை அவன் போன் செய்தான். "வாடா" என்று மட்டும் சொன்னான்.

நான் போனபோது அவன் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தான். துடைத்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி. சட்டத்தின் பட்டைகளுக்கு நடுவில் வெள்ளையாகப் பொங்கி நின்றது. விரல் வைத்தால் மாவாக உதிர்ந்தது. படங்கள் எடுத்து, விமானத்தை விற்ற நிறுவனத்துக்கு அனுப்பினோம். இடுக்குக்குள் இறங்கிய அரிப்பை வெளியிலிருந்து யாரும் அளக்க முடியாது, இந்தச் சட்டத்தை நம்பி யாரும் பறக்கக் கூடாது, மாற்றுங்கள் என்று பதில் வந்தது. முடித்ததையெல்லாம் பிரிக்க வேண்டும். அந்தப் பையன் மறுநாளே பெங்களூர் கிளம்பிவிட்டான். ஆபீசுக்கு நேரில் கூப்பிட்டார்களாம்.

பழி முழுக்க அம்மா தலையில் விழுந்தது. நண்பனின் அப்பா சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "பொட்டு வெக்கிறேன் பொட்டு வெக்கிறேன்னு மொத்தத்துக்கும் பொட்டு வெச்சிட்டா" என்றார். அதை ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொன்னார். அதற்குப் பிறகு அம்மா கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. டீ மருமகள் கையில் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் லாரிக்குக் குங்குமம் வைக்கிற வழக்கத்தையும் விட்டுவிட்டார் என்று டிரைவர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் நண்பனும் ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்தோம். ஒவ்வொன்றையும் தலையில் மையம் பார்த்துத் துளைத்து, தட்டி, வாலை வெளியே தள்ள வேண்டும். என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக விரிந்தவை. மறுபடி நாங்கள் இரண்டு பேர் மட்டும். மறுபடி நான் "மாப்ள". நான் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்துவிட்டது. ஒரு வாய் டீ கூட ருசிக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு, வேலையின் நடுவில் அவன் சொன்னான். "எங்கம்மாவ நெனச்சாதான்டா எரியுது. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? படிக்காதவங்க இதெல்லாம் தொடக் கூடாதுன்னு தெரிய வேணாமா?"

படிக்காதவங்க. என் கையிலிருந்த துளைக் கருவியை நிறுத்தினேன்.

"அம்மாவுக்குத் தெரியாதுடா. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"சுண்ணாம்பு அலுமினியத்தத் திங்கும்னு. அன்னிக்கே தெரியும்."

அவனுக்குப் புரியவில்லை. விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரிக்கப் போனான்.

"சனிக்கிழம வந்தேன். தொறந்து பாத்தேன். அப்ப தொடச்சிருந்தா கூட..." என்றேன்.

"வந்தியா?"

"வந்தேன்."

"ஏன்டா?"

பட்டியலைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லியிருந்தால் சின்னப் பிள்ளைத்தனமாக இருந்திருக்கும். சின்னப் பிள்ளைத்தனம்தான் அது. "வயித்தெரிச்சல்" என்றேன்.

அவன் எழுந்து கம்ப்ரஸரை அணைத்தான். அதன் இரைச்சல் அடங்க நேரம் எடுத்தது.

"சாவியக் குடு."

கொடுத்தேன்.

"அம்மா பின்னால இருக்குது. நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா, தன்னத் தேத்தறதுக்கு சொல்றான்னு நெனச்சுக்கும்."

அம்மா கொல்லையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மனையை நகர்த்திப் போட்டு, "உக்காருப்பா. மழ நின்னுருச்சா?" என்றார். நின்றபடியே சொன்னேன். எல்லாவற்றையும். பூஜை அன்று தெரிந்தது, சனிக்கிழமை வந்தது, துணியை எடுத்தது, வைத்தது.

கீரைக்காம்பு அவர் கையில் அப்படியே நின்றது.

"எனக்கு மூணு வாரமா தூக்கம் இல்ல, தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்மா."

"தெரிஞ்சிதான் இருந்தியா?"

தலையை ஆட்டினேன்.

"ரேஷன் கடைக்காரிய, எதுத்தூட்டுக்காரிய, எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். யாரு கண்ணுன்னு. கடைசியில என் கையால சோறு தின்ன கண்ணு." கீரையை முறத்தில் போட்டார். கோபமாகத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "இத அவுங்கப்பாகிட்டயும் நீயே சொல்லிட்டுப் போ. தெனம் சோத்துக்கு முன்னால எனக்கு அர்ச்சன நடக்குது."

சொன்னேன். அவர் டிப்பர் ஆபீசில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டார். "வெள்ளையடிக்கிறவரு மவன்தான நீ?" என்றார். "ஆமாங்கய்யா" என்றேன். பேப்பரை மறுபடி விரித்தார். அந்த ஒரு கேள்வியில் இருந்த எல்லாவற்றையும் சுமந்துகொண்டு அரியலூர் பஸ் ஏறினேன்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் காலியாகக் கிடந்தன. அறையில் துணி துவைத்தேன். ஸ்டேட்டஸ் பார்த்தேன். பெங்களூர்ப் பையன் திரும்பி வந்திருந்தான். ரிவெட் பழகுவதற்காகப் பழைய தகடு ஒன்றில் அடித்துக்கொண்டிருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் கோணல். இவ்வளவு நடந்த பிறகும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

மாசி மாதம் போன் வந்தது.

"புதுச் சட்டம் பெட்டியில வந்துருச்சு" என்றான் நண்பன். எந்த நலம் விசாரிப்பும் இல்லை. "சட்டத்துக்குள்ள மாப்ள கை நுழையாது. ஒனக்குத்தான் நுழையும். வர்றியா?"

"வரட்டுமா?"

"சாவி குடுக்க மாட்டேன். நீ வர்ற நேரம் கதவு தொறந்திருக்கும். அவ்ளோதான்."

போனேன். அம்மா கொட்டகைக்குள் இருந்தார். பெட்டியைச் சுற்றி வந்து, "இதுக்கு ஒன்னும் வெக்கலப்பா. வெறும் கற்பூரம் மட்டும்" என்றார். என்னிடம் இல்லை, பொதுவாகச் சொன்ன மாதிரி இருந்தது. டீ கொடுத்தார். பெங்களூர்ப் பையன் இரும்புக் கட்டையை என்னிடம் நீட்டினான். "நீங்களே புடிங்க பிரோ. எனக்கு வரல." அவன் நல்ல பையன்தான்.

நண்பனின் அப்பா பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். "பதினாறு டயரோட வெலடா இது. ஒரு வண்டிக்குப் போட்டது போக ஸ்டெப்னியும் வரும்" என்றார். சொல்லிவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு லாரிகளைப் பார்க்கப் போய்விட்டார். எதையும் விற்கவில்லை. யாரிடமும் கடன் கேட்கவில்லை. என் கண்ணால் வந்த நஷ்டத்தை அவர்களால் அப்படிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள முடிந்தது. அங்கே நின்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

பிறகு நண்பன் அந்த பில்லை வாங்கி நோட்டில் ஒட்டும்போது நானும் பார்த்தேன். புதுச் சட்டம், விலாக்கள், தகடுகள், ரிவெட், விமானத்தில் வந்த கூலி, சுங்கம், சென்னையிலிருந்து வண்டி, எல்லாம் சேர்த்து அந்த வீட்டுக்கு ஆனது மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரத்து எழுநூறு ரூபாய்.